நாணயமும் நம்பகமும்: இணையவழி மொத்த வணிகத்தில் விற்பனையாளரைச் சோதித்தறிதல்

தமிழிலே ‘நாணயம்’ என்னும் சொல் இருபொருள் தருவது. கையிலே புழங்கும் காசையும் அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்தையும் அது குறிக்கும். வணிக வாழ்விலே காசும் ஒழுக்கமும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கிவந்துள்ளன என்பதை இச்சொல்வழக்கே உணர்த்துகின்றது. விற்பவரின் ஊரையும் வீட்டையும் உறவினரையும் வாங்குபவர் அறிந்திருந்த சந்தையில், ஒருவரது நாணயத்தைச் சோதிப்பது தனியானதொரு வேலையாக இருக்கவில்லை. அன்றாட வாழ்வே அச்சோதனையைச் செய்து முடித்திருந்தது.

இன்றைய நிலை வேறானது. யாழ்ப்பாணத்திலோ கொழும்புப் புறக்கோட்டையிலோ கடை நடத்தும் சிறு வணிகர் ஒருவர், தாம் ஒருபோதும் சென்றிராத சீன நகரொன்றிலுள்ள விற்பனையாளரிடமிருந்து, இணையத்தளமொன்றில் கண்ட படங்களை மட்டுமே கொண்டு ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான பொருள்களைக் கொள்வனவு செய்கின்றார். அவர் அனுப்பும் முற்பணம் பல வேளைகளில் ஈடுவைத்த நகையினதோ வட்டிக்குப் பெற்ற கடனினதோ பணமாக இருக்கும். பொருள் வந்து சேராவிடின் அழிவது ஒரு தடவைக்குரிய இலாபமன்று. ஒரு குடும்பத்தின் பிழைப்பாகும். எனவே, இணையவழி மொத்த விற்பனையாளரின் நம்பகத்தன்மையை எவ்வாறு சோதித்தறிவது என்னும் வினாவை வணிகரின் தனிப்பட்ட சாமர்த்தியம் பற்றிய வினாவாக மட்டும் கருதிவிட முடியாது. அது ஆராய்வுக்குரிய சமூகப் பொருளாதாரப் பிரச்சினையாகும். அலிபாபா என்னும் சீன வணிகத் தளத்தின் அனுபவத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு நோக்குவோம்.

தூரத்து வணிகமும் பிணை நிற்போரும்

முன்பின் அறியாதவரோடு வணிகம் செய்யும் பிரச்சினை இணையத்தோடு தோன்றியதன்று. தூரத்து வணிகம் நிகழ்ந்த காலமெல்லாம் அப்பிரச்சினை இருந்தது. அதற்கான தீர்வுகளும் இருந்தன. தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் கல்வெட்டுகளிலே பெயர் பொறித்துச் சென்ற ஐந்நூற்றுவர் முதலிய வணிக கணங்கள் உறுப்பினரை ஓரமைப்பினுள் பிணைத்து வைத்திருந்தன. பிரித்தானியர் ஆட்சிக் கால இலங்கையில், கொழும்பிலிருந்த ஆங்கில வங்கிகள் உள்ளூர் வணிகரை நேரடியாக அறிந்திருக்கவில்லை. ஆகவே அவை ‘சிறாப்பர்’ எனப்பட்ட உத்தரவாதத் தரகரை நாடின. கடன் கேட்பவர் தகுதியுடையவர் எனச் சிறாப்பர் சான்று கூறினார். அதற்கெனத் தரகும் பெற்றார். ஆயின் அவரது சான்று வெறும் சொல்லன்று. கடன் திரும்பாவிடின் அதற்குப் பொறுப்பேற்பதாக வங்கியிடம் அவர் பிணை வைத்திருந்தார். தமது சான்று பொய்த்தால் நட்டமடையப் போவது தாமே என்பதை அறிந்தவராதலின், கடன் கேட்பவரை ஆராய்வதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது.

நாணயக் கடிதம் என்னும் வங்கிமுறையிலும் இத்தகையதொரு தத்துவமே செயற்படுகின்றது. குறித்த பத்திரங்களை விற்பவர் சமர்ப்பித்தால் பணம் செலுத்துவதாக வாங்குபவரின் வங்கி தன் பெயரால் உறுதி கூறுகின்றது. ஆயினும் இதன் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். வங்கிகள் பத்திரங்களைப் பார்த்தே கருமமாற்றுகின்றன, பொருள்களைப் பார்த்தல்ல. இன்று நடைமுறையிலுள்ள, 2007 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதித்தொகுப்பும் இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. 1941 ஆம் ஆண்டில் நியூ யோர்க் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்று இதற்குத் தக்க உதாரணமாகும். இந்தியாவின் லக்னோ நகர வணிக நிறுவனமொன்றிடம் தூரிகை மயிர் வாங்க ஒப்பந்தம் செய்த அமெரிக்க வணிகரொருவர், தமக்கென ஐம்பது பெட்டிகளில் கப்பலேற்றப்பட்டவை மாட்டு மயிரும் குப்பையுமே என முறையிட்டார். பத்திரங்களோ குறையின்றி இருந்தன. பணம் செலுத்துமுன்னரே மோசடி வங்கிக்குத் தெரியவந்திருப்பின் செலுத்தாது நிறுத்தலாம் என்னும் கோட்பாடு அவ்வழக்கின் வழியே நிலைபெற்றது. பத்திரம் ஒழுங்காக இருப்பதும் பொருள் ஒழுங்காக இருப்பதும் வேறு வேறு என்பதே அவ்வழக்கு நமக்குக் கூறும் செய்தி.

இவற்றிலிருந்து ஒரு பொதுவிதியை வகுத்துக்கொள்ளலாம். ஒரு சான்றின் பெறுமதி, அச்சான்று பொய்க்கும்போது அதனை வழங்கியவர் இழப்பதன் அளவைப் பொறுத்தது. இவ்விதியை உரைகல்லாகக் கொண்டே இணையச் சந்தையை நோக்குதல் வேண்டும்.

விலைக்கு விற்கப்பட்ட நம்பிக்கை

அலிபாபா 1999 ஆம் ஆண்டில் சீனத்து ஹாங்சூ நகரில் தொடங்கப்பட்டது. சீனச் சிற்றுற்பத்தியாளரையும் வெளிநாட்டு மொத்தக் கொள்வனவாளரையும் இணைப்பது அதன் நோக்கமாயிருந்தது. பெரும் இறக்குமதியாளரும் பொருட்காட்சிகளுக்குச் சென்றுவர வசதி பெற்றோரும் மட்டுமே அணுகக்கூடியதாயிருந்த தொழிற்சாலைகள், சிறிய கொள்வனவாளருக்கும் எட்டுவனவாயின. இதன் முற்போக்கான பக்கத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வாங்குபவர் பொருளைக் காணாத சந்தையில் ஒரு முரண்பாடு உள்ளது. பொருளின் தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்திருக்கும் சந்தையில், தரங்குறைந்த பொருள் தரமான பொருளை வெளியே தள்ளிவிடும் என்பதைப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகெர்லொவ் 1970 ஆம் ஆண்டில், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை உதாரணமாகக் கொண்டு விளக்கினார். வாங்குபவரால் நல்லதையும் தீயதையும் வேறுபடுத்த முடியாதபோது, அவர் நல்லதற்குரிய விலையைக் கொடுக்கத் தயங்குவார், நல்லதை விற்பவர் அவ்விலைக்கு விற்க விரும்பாது விலகுவார், எஞ்சுவது தீயதே. இச்சிதைவைத் தடுப்பதற்கு நேர்மையான விற்பனையாளரை இனங்காட்டும் அடையாளம் தேவைப்படுகின்றது. அத்தகைய அடையாளமாகவே அலிபாபாவின் ‘கோல்ட் சப்ளையர்’ என்னும் பொன் முத்திரை அறிமுகமாயிற்று. ஆண்டுக் கட்டணம் செலுத்தி, தம் நிறுவனத்தின் இருப்பை மூன்றாந் தரப்பொன்று உறுதிசெய்ய இணங்கும் விற்பனையாளருக்கு அம்முத்திரை வழங்கப்பட்டது.

இங்கேதான் நமது விதியைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். சிறாப்பரும் தரகு பெற்றார். தளமும் கட்டணம் பெற்றது. ஆயின் சிறாப்பர் தம் சொத்தைப் பிணையாக வைத்தார். முத்திரை வழங்கிய தளமோ, அம்முத்திரையை நம்பிப் பணமிழந்தவருக்கு அவ்வாறு பிணை நிற்கவில்லை. முத்திரை பெறுவோர் தொகை கூடக்கூடத் தளத்தின் வருமானம் பெருகிற்று. முத்திரையை விற்கச் சென்ற விற்பனை ஊழியரின் ஊதியமும் விற்பனையின் அளவோடு பிணைந்திருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடி தோன்றிய 2008 ஆம் ஆண்டின் இறுதியில், முன்னைய கட்டணத்தின் பாதிக்கும் குறைவான 19,800 யுவானுக்கு முத்திரை கிடைக்கக்கூடியதாக ஒரு திட்டம் அறிமுகமாயிற்று. உறுப்பினர் தொகை விரைவாகப் பெருகிற்று.

விளைவு 2011 பெப்ரவரியில் வெளிப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் சேர்ந்த முத்திரையாளரில் 1,219 பேரும், 2010 ஆம் ஆண்டில் சேர்ந்தோரில் 1,107 பேரும், ஆக 2,326 விற்பனையாளர்கள் கொள்வனவாளரை ஏமாற்றியிருந்தமையை அலிபாபா கம்பனி தானே அறிவித்தது. சரிபார்த்தல் முறைகளிலிருந்து அவர்கள் தப்புவதற்குத் தன் விற்பனை ஊழியரில் ஏறத்தாழ நூறு பேர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ இடமளித்தனர் என்பதையும் அது ஒப்புக்கொண்டது. மோசடியிலே நேரடித் தொடர்பில்லாதபோதும், கம்பனியின் முதன்மை நிறைவேற்று அலுவலரான டேவிட் வெய் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அம்முத்திரையாளர் அவ்வவ்வாண்டில் சேர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் என்னுமளவினரே. ஆயினும் ஏமாற்றப்பட்டவரின் பார்வையில் அந்த ஒருவருக்கும் ஏனைய தொண்ணூற்றொன்பது பேருக்கும் இடையில் வேறுபாடு காட்ட முத்திரை உதவவில்லை என்பதே முக்கியமானது.

அவ்விசாரணை வெளிப்படுத்திய வேறொரு செய்தி இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு முறைப்பாட்டிலும் சம்பந்தப்பட்ட தொகை சராசரியாக 1,200 டொலருக்கும் குறைவாகும். இத்தொகையை மீட்கக் கடல்கடந்து வழக்காடுவார் எவருமிலர். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இணையவழி ஒப்பந்தத்துக்குச் சட்ட வலு அளிக்கின்றது. வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்று நடைமுறைப்படுத்தும் 1958 ஆம் ஆண்டின் நியூ யோர்க் சமவாயத்தில் இலங்கையும் சீனாவும் இணைந்துள்ளன. ஆயின் உரிமை இருப்பது வேறு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வசதி இருப்பது வேறு. சட்டத்தின் செலவு தொடங்கும் மட்டத்துக்குக் கீழேயே இவ்வகை மோசடி தன் இருப்பிடத்தை அமைத்துக்கொள்கின்றது. அதனாலேயே அதன் சுமை சிறிய கொள்வனவாளர் மீது விழுகின்றது.

இதனைச் சீனர்களின் இயல்பெனக் கூறுவோரும் உளர். இலக்கக்கணக்கான நேர்மையான சிற்றுற்பத்தியாளர் அதே தளத்தில் இருந்தனர் என்பதையும், போலிகளால் சந்தை சிதைந்தபோது நட்டமடைந்தோரில் அவர்களும் அடங்குவர் என்பதையும் அத்தகையோர் மறந்துவிடுகின்றனர். குறை ஓரினத்தின் குணத்தில் இல்லை. நம்பிக்கையே பண்டமாக விற்கப்பட்ட உறவுமுறையில் உள்ளது.

சோதிக்கும் வழிகள்

அவ்வாறாயின் கொள்வனவாளர் செய்யக்கூடியது யாது? விற்பவர் விலை கொடுத்துப் பெறமுடியாத சான்றுகளைத் தேடுவதே முதற்படியாகும்.

முதலாவது, ஆளடையாளம். சீனாவில் ஒரு கம்பனியின் சட்டப்படியான பெயர் சீன எழுத்தில் அமைந்த பெயரேயாகும். கொள்வனவாளர் தளத்திலே காணும் ஆங்கிலப் பெயரைக் கொண்டு வணிகப் பதிவேட்டில் அக்கம்பனியை இனங்காண முடியாது. ஆதலின் வணிக உரிமப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள சீனப் பெயரையும் 18 இலக்கக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். 2015 ஒக்டோபர் முதல் வழங்கப்பட்டுவரும் இக்குறியீட்டின் இறுதிக் குறி, அதற்கு முன்னுள்ள 17 குறிகளிலிருந்து கணக்கிடப்படுவது. எழுந்தமானமாகப் புனைந்த எண் பெரும்பாலும் இக்கணக்கிலேயே பிடிபட்டுவிடும். பின்னர் அக்குறியீட்டைச் சீன அரசின் தொழில்முயற்சித் தகவற் பதிவேட்டில் தேடிப் பார்த்தல் வேண்டும். தொடங்கிய திகதி, சட்டப் பிரதிநிதியின் பெயர், அனுமதிக்கப்பட்ட தொழில் வகை, ஒழுங்கீனமாக இயங்கும் நிறுவனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளதா என்பன அதிலே கிடைக்கும். பத்தாண்டு அனுபவம் கூறும் நிறுவனம் பத்து மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்யப்பட்டிருப்பின், ஐயம் எழுதல் இயல்பே. பதிவேட்டிலுள்ள மூலதனத் தொகையைக் கண்டு மட்டும் மயங்குதல் ஆகாது. அது பங்காளர் செலுத்துவதாக ஏற்ற தொகையேயன்றிச் செலுத்திய தொகையாக இருக்கவேண்டுமென்பதில்லை.

இரண்டாவது, விற்பவர் உற்பத்தியாளரா இடைத்தரகரா என்பது. இடைத்தரகராயிருத்தல் குற்றமன்று, பல தொழிற்சாலைகளின் பொருள்களைச் சிறிய அளவில் திரட்டித் தருவதற்கு அவர் பயன்படுவார். ஆனால் இடைத்தரகர் தம்மைத் தொழிற்சாலை எனக் கூறுதல் ஒரு பொய்யாகும். முதற் பொய் மற்றைய பொய்களுக்கு அறிகுறியாகலாம். பதிவேட்டிலுள்ள தொழில் வகை, தொடர்பற்ற பல்வகைப் பொருள்களை ஒருவரே விற்றல், முன்னறிவித்தலின்றி நேரடி ஒளித்தோற்றத்தில் தொழிற்சாலையைக் காட்டுமாறு கேட்கும்போது அவர் அளிக்கும் மறுமொழி ஆகியவற்றால் இதனை ஓரளவு அறியலாம்.

மூன்றாவது, வங்கிக் கணக்கின் பெயர். பணம் பெறும் கணக்கு ஒப்பந்தத்திலுள்ள கம்பனியின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். தனியாளின் பெயரிலோ வேறொரு கம்பனியின் பெயரிலோ பணம் கேட்கப்படுமாயின் அங்கேயே நின்றுவிடுதல் நன்று. சீனக் கம்பனிகள் ஹொங்கொங்கில் பதிவான துணைக் கம்பனியின் கணக்குக்குப் பணம் கேட்பதுண்டு. அவ்வாறாயின் இரண்டுக்குமுள்ள தொடர்பைப் பத்திரங்களால் நிறுவச்செய்தல் வேண்டும். விற்பவர் நேர்மையானவராயிருந்தும் பணம் பறிபோவதுமுண்டு. மின்னஞ்சலுள் இரகசியமாகப் புகுந்த மூன்றாமவர், ‘எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என விற்பவரைப் போல எழுதுவது இன்று பரவலாக நிகழும் மோசடியாகும். கணக்கு மாற்றம் பற்றிய எச்செய்தியையும், முன்னரே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துப் பேசி உறுதிசெய்யாது ஏற்றல் கூடாது.

நான்காவது, பிறர் கூறும் மதிப்புரைகள். வெற்றுப் பொதிகளை அனுப்பிப் பொய்யான விற்பனைகளையும் புகழுரைகளையும் உண்டாக்கும் வழக்கம் சீனாவில் மிகப் பெருகியமையாலேயே, 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு இலத்திரனியல் வணிகச் சட்டம் அதனைப் பெயர் சுட்டித் தடைசெய்ய நேர்ந்தது. தடை இருப்பதே வழக்கம் இருந்தமைக்குச் சான்று. ஆகவே புகழுரையின் எண்ணிக்கையிலும் பார்க்க, குறை கூறியவர் என்ன கூறினார், அதற்கு விற்பவர் எவ்வாறு மறுமொழி தந்தார் என்பனவே கவனத்துக்குரியன.

ஐந்தாவது, பொருளையே பார்த்தல். மாதிரிப் பொருளை விலை கொடுத்துப் பெறுதல் பயனுடையதாயினும், மாதிரி விற்பவரால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. உண்மையான சோதனை, கப்பலேற்றுமுன் உற்பத்தி முடிந்த தொகுதியிலிருந்து எழுமாறாக எடுத்துப் பார்ப்பதேயாகும். சர்வதேச நியம முறையொன்றின்படி, ஆயிரம் பொருள்கள் கொண்ட தொகுதிக்கு வழக்கமான சோதனை மட்டத்தில் 80 பொருள்கள் எடுக்கப்படும். பெருங் குறைகளுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் 2.5 சதவீத ஏற்பு மட்டத்தில், குறையுடையவை 5 வரை காணப்படின் தொகுதி ஏற்கப்படும். 6 ஆயின் நிராகரிக்கப்படும். இப்பணியைச் செய்யும் சுயாதீன நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றிலொன்றான எஸ்.ஜி.எஸ். 1878 ஆம் ஆண்டில் பிரான்சின் ரூவோன் துறைமுகத்தில் தானியச் சோதனைக்கெனத் தொடங்கப்பட்டது. இங்கே சோதிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் வாங்குபவர் என்பதே முக்கிய வேறுபாடு.

பணம் கைமாறும் கணம்

மேற்கூறிய சோதனைகள் யாவும் விற்பவர் யார், அவரிடம் என்ன உள்ளது என்பவற்றைக் கூறும். நாளை அவர் என்ன செய்வார் என்பதை எந்தப் பதிவேடும் கூறாது. அதனை ஓரளவேனும் கட்டுப்படுத்தக்கூடியது, பணம் எக்கணத்தில் கைமாறுகின்றது என்பதேயாகும். தந்திகள் வழக்கொழிந்த பின்னரும் ‘தந்திமுறைப் பணமாற்று’ என்னும் பழைய பெயராலேயே வழங்கும் நேரடி வங்கிப் பணமாற்றில், 30 சதவீதத்தை முற்பணமாகவும் 70 சதவீதத்தைக் கப்பலேற்றுமுன்னும் செலுத்துதல் வழக்கம். மீதி 70 சதவீதத்தைச் சோதனை அறிக்கை கைக்கு வந்த பின்னரே செலுத்துவதென ஒப்பந்தத்தில் எழுதுவித்தல் கொள்வனவாளருக்குள்ள பெரிய ஆயுதமாகும்.

அலிபாபாவின் பிந்திய வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. அதன் குழுமத்தைச் சேர்ந்த சில்லறைத் தளத்தில் 2003 ஆம் ஆண்டிலேயே, வாங்குபவரின் பணத்தை இடையில் வைத்திருந்து, பொருள் கிடைத்ததை அவர் உறுதிசெய்த பின் விற்பவருக்குக் கொடுக்கும் ‘அலிபே’ முறை தொடங்கியிருந்தது. வெளிநாட்டு மொத்த வணிகத்துக்கு அத்தகைய ஏற்பாடு 2015 ஆம் ஆண்டளவிலேயே ‘டிரேட் அஷ்யூரன்ஸ்’ என்னும் பெயரில் வந்தது. முத்திரையிலிருந்து பிணைக்கு வந்த இம்மாற்றம், சிறாப்பரின் பழைய தத்துவத்துக்குத் திரும்பியமையே எனலாம். இப்பாதுகாப்பு, தளம் குறித்த கணக்கினூடாகப் பணம் செலுத்துவோருக்கே உரியது. ‘வெளியே செலுத்தினால் விலை குறைத்துத் தருகிறோம்’ என விற்பவர் கூறுமிடத்து, அவர் விலையை மட்டும் குறைக்கவில்லை. வாங்குபவரின் பிணையையும் அகற்றுகின்றார்.

மிகக் குறைந்த விலை, மிகச் சிறிய கொள்வனவு அளவு, மீட்க முடியாத பணமாற்று முறை ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும்போது எச்சரிக்கை தேவை. 2011 ஆம் ஆண்டு வெளிப்பட்ட மோசடிகளில், தேவை மிகுந்த மின்னணுப் பொருள்களின் பெயரால் விரிக்கப்பட்ட வலை இம்மூன்று இழைகளாலேயே பின்னப்பட்டிருந்தது.

தனியாள் விழிப்பும் கூட்டு வலிமையும்

இங்கு ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். நாணயக் கடிதத்துக்கு வங்கிக் கட்டணம் உண்டு. சுயாதீனச் சோதனைக்கு நாட்கூலி உண்டு. ஐம்பதினாயிரம் டொலருக்குக் கொள்வனவு செய்பவருக்கு இச்செலவு அற்பமானது. ஆயிரத்திருநூறு டொலருக்குக் கொள்வனவு செய்பவருக்கோ அது இலாபத்தையே விழுங்கிவிடும். பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவருக்கே அது எட்டாதிருக்கின்றது. ‘விழிப்பாயிருங்கள்’ என்னும் அறிவுரையோடு நின்றுவிடுவோர் இம்முரண்பாட்டைக் காண்பதில்லை. ஏமாந்தவரை அறிவிலி எனப் பழிப்பதற்கே அவ்வறிவுரை ஈற்றில் உதவுகின்றது.

சோதனைச் செலவின் இயல்பிலேயே இதற்கான விடையும் உள்ளது. ஆயிரம் பொருள்களுக்கு 80 பொருள்களைப் பார்க்க வேண்டுமாயின், பத்தாயிரம் பொருள்களுக்கு 800 பார்க்க வேண்டியதில்லை. அதே நியம முறையில் 200 போதும். கொள்வனவு பெருகும் வேகத்தில் சோதனை பெருகுவதில்லை. ஒரே வகைப் பொருளை வாங்கும் பத்து வணிகர் ஒன்றிணைந்து ஒரே கட்டளையாக வாங்குவராயின், ஒருவரால் தாங்க முடியாத செலவைப் பதின்மரும் எளிதிற் பகிர்ந்துகொள்வர். பதிவேட்டுத் தேடலை ஒருவர் செய்தால் ஏனையோருக்கும் அது பயன்படும். ஏமாந்தவரின் அனுபவமும் வெட்கத்தால் மறைக்கப்படாது பொதுவறிவாக மாறும். விற்பவரின் பார்வையிலும், ஒருமுறை ஏமாற்றி இழக்கக்கூடிய சிறு வாடிக்கையாளராக அன்றி, இழக்க விரும்பாத பெரு வாடிக்கையாளராக அவர்கள் தோன்றுவர். கூட்டுறவுச் சங்கங்களின் நீண்ட மரபுடைய நமது நாட்டில் இது புதுமையான கருத்தன்று. புதிய களமொன்றிலே பிரயோகிக்கப்பட வேண்டிய பழைய கருத்தாகும்.

எனவே, ‘இவ்விற்பனையாளர் நம்பத்தக்கவரா?’ என்னும் வினாவோடு வேறிரு வினாக்களையும் இணைத்துக் கேட்டல் வேண்டும்: அவர் நம்பத்தக்கவர் எனக் கூறுபவர் யார்? அக்கூற்று பொய்த்தால் அவர் இழப்பது என்ன? இவற்றுக்கு விடை கிடைக்காத முத்திரை, எத்துணை பளபளப்பினும், ஓர் அலங்காரமே. தனித்து நிற்கும் சிறு வணிகர் இவ்வினாக்களைக் கேட்க மட்டுமே வல்லவர்; ஒன்றிணைந்து நிற்பவர்களோ விடையையும் கேட்டுப் பெற வல்லவராவர்.